பெல்வின் வாசிக்காமல் விட்ட இடம்

2171 மார்ச் 4, திங்கள்

சனிக்கிழமைப் பாடத்தைப் பற்றி எழுதியதில் ஒரு தவறு. பழைய இசைத்தட்டில் நோரா பெல் பாடும்போது அவளுடைய ஒவ்வொரு அடிக்குப் பிறகும் கிளாரினெட் பதில் சொல்கிறது என்று எழுதியிருந்தேன். இன்று வகுப்பில் திரும்பக் கேட்டபோது அது கிளாரினெட் இல்லை, பியானோவின் வலது கை என்று தெரிந்தது. கிளாரினெட் அடுத்த சுற்றில்தான் வருகிறது. வகுப்பில் மற்றவர்களுக்கு இது முதல் வாரமே பிடிபட்டுவிட்டது. பழையதை அழிக்காமல் இங்கே திருத்தி வைக்கிறேன்.

காலையில் உணவுக்கூடத்தில் நீர்ப்பிரிவு லூர்தம்மாள் எங்கள் மேசையில் உட்கார்ந்து தன் மகனின் பல்வலியைப் பற்றிச் சொன்னார். நாங்கள் ஏழெட்டுப் பேர் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அவர் மூச்சு வாங்கும் இடத்திலெல்லாம் "ஊம்" என்று வந்தது. பல் பிடுங்கிய இடம் வந்தபோது "ஊஊம்" என்று கொஞ்சம் இழுத்து, இரக்கத்தோடு வந்தது. யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. எல்லார் வாயிலும் இட்லி இருந்தது. லூர்தம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, "ஒங்ககிட்டயெல்லாம் சொன்ன பொறவுதான் மனசு லேசாச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த ஊம்களில் ஒன்று என்னுடையது. மகனுக்கு மேல்பல்லா கீழ்ப்பல்லா என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன், தெரியவில்லை.

நிலாவின் இந்த வெண்கரைக் குடியிருப்பில் ஊம்கொட்டி இல்லாத தொண்டை கிடையாது. இது முதலில் நேருக்கு நேர் பேசுவதற்காகச் செய்யப்பட்டதல்ல. பூமியிலிருந்து ஒருவர் பேசினால் அது நிலாவுக்கு வந்து, நாம் சொல்லும் "ஊம்" திரும்பிப் போய்ச் சேர இரண்டரை விநாடி ஆகும். கேட்பதற்குச் சின்ன நேரம்தான். ஆனால் ஊமுக்கு அது மிகப் பெரிய தாமதம். பூமியில் இருப்பவர் அடுத்த வாக்கியத்தின் நடுவில் இருக்கும்போது முந்தைய வாக்கியத்தின் ஊம் வந்து விழும். அவர் நின்று "என்ன?" என்பார். அந்த "என்ன?" இங்கே வரும்போது நாம் வேறெதையோ சொல்லிக்கொண்டிருப்போம். முதலில் குடியேறியவர்களில் பலர் வீட்டோடு பேசுவதையே விட்டுவிட்டார்கள்.

அதனால் இணைகுரல் நிறுவனம் ஒரு வழி செய்தது. பேசுபவர் பக்கத்திலேயே, கேட்பவருடைய குரலில், சரியான இடத்தில் ஊம் கொட்டும் ஒரு கருவி. இடம் சரியாக இருக்க வேண்டுமானால் பேசுபவர் எங்கே நிறுத்துவார் என்று முன்கூட்டியே தெரிய வேண்டும். பிறகு அதையே கடுகளவு மணியாக்கித் தொண்டையில் வைத்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும் ஊம் கொட்டலாம் என்று ஆனது. வேண்டாம் என்று யாரும் சொன்னதாகத் தெரியவில்லை.

பகலில் எனக்குக் காற்று வடிகட்டிகளைக் கழற்றிச் சுத்தம் செய்யும் வேலை. மாலையில் இணைகுரலின் வகுப்புக்குப் போகிறேன். தேறினால் ஊம்கொட்டிகளைச் செப்பனிடும் பிரிவில் எடுத்துக்கொள்வார்கள். தேறுவேனா தெரியவில்லை.

வகுப்பில் நாங்கள் கேட்பது இருநூறு ஆண்டுகளுக்கும் மேல் பழைய இசைத்தட்டுகள். ஆர்ச்சி பெல்வின் என்ற பியானோக்காரர், ஆறேழு பேர் கொண்ட சிறிய குழுக்களை வைத்துக்கொண்டு நியூயார்க்கில் ஒலிப்பதிவு செய்தவை. ஒவ்வொன்றும் மூன்று நிமிடம். முதலில் குழு ஒரு சுற்று வாசிக்கும். நடுவில் பாடகி வந்து ஒரே ஒரு முறை பாடிவிட்டுப் போவாள். பாட்டுகள் மலிவானவை. அன்று காலையில்தான் தாளில் எழுதிக் கையில் கொடுத்திருப்பார்கள். பெல்வின் அதைப் பாடகிக்கு ஒரு தடவை வாசித்துக் காட்டுவார், பிற்பகலுக்குள் நான்கு தட்டு முடிந்துவிடும். அவள் பாடும்போது அவர் குறுக்கே வருவதில்லை. அவள் மூச்சு வாங்கும் இடத்தில் நாலைந்து சுரங்களை மெதுவாக உதிர்த்துவிட்டு, அவள் வாய் திறப்பதற்குள் ஒதுங்கிவிடுகிறார். எப்படித் தெரிந்து ஒதுங்குகிறார் என்பதுதான் பாடம். அவருடைய தட்டுகளைக் கொடுத்துத்தான் ஊம்கொட்டிக்கு இடம் பார்க்கக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள்.

"அப்ப நாம சோறு திங்கும்போது தொண்டைக்குள்ள இருந்து ஊம் போடுறது இந்த ஆளா?" என்று திரவியம் கேட்டான். அவன் நாகர்கோவில்காரன். வடிகட்டிப் பிரிவிலும் என்னோடுதான் இருக்கிறான்.

"அவரோட நேரம், ஒங்க குரல்" என்றார் நஸீமா மேடம். அவர் இணைகுரலில் இருந்து வருபவர். பாடத்தை முடித்துவிட்டு ஏழு மணிக்குக் கிளம்ப வேண்டும் என்பதிலேயே குறியாக இருப்பவர்.

"எங்க வீட்டுக்காரி மாமியார் கதைய சொல்லும்போதெல்லாம் இவருதான் கேட்டிருக்காரு. பாவம் மனுசன். செத்தும் நிம்மதி இல்ல."

எல்லாரும் சிரித்தோம்.


மார்ச் 7, வியாழன்

இன்று நஸீமா மேடம் கடைக்கு வராத தட்டுகளைப் போட்டுக் காட்டினார். பதிவின்போது ஏதாவது பிசகினால் அந்தத் தட்டை ஒதுக்கிவிட்டு மறுபடி எடுப்பார்களாம். ஒதுக்கியவை ஒரு கிடங்கில் கிடந்து பிழைத்திருக்கின்றன. "தேர்வுக்கு வராது. வேணும்ன்னா கேட்டுக்குங்க" என்றார்.

ஒன்றை மட்டும் எழுதி வைக்கிறேன். திங்களன்று கேட்ட அதே பாட்டு, அதே நோரா பெல், அதே நாள். இரண்டாவது அடியில் அவள் குரல் கொஞ்சம் சுருதி இறங்கியிருக்கிறது. எனக்குத் தெரியவில்லை, திரவியம் சொன்ன பிறகுதான் கேட்டது. அவள் மூச்சு வாங்குகிறாள். பெல்வின் வாசிக்கவில்லை. வழக்கமாகச் சுரங்கள் உதிரும் இடம் வெறுமையாக இருக்கிறது. அவள் அடுத்த அடியைத் தொடங்குகிறாள். அதன் முடிவிலும் அவர் வாசிக்கவில்லை. டிரம்ஸ்காரர் மட்டும் கொஞ்ச தூரம் போய்விட்டு நிற்கிறார். பிறகு பெல்வினின் குரல். அவர் பேசி நாங்கள் கேட்டது இதுதான் முதல் தடவை.

"என்ன ஆச்சு நோரா?"

"ஒன்றுமில்லையே."

"சரி. ஒன்றுமில்லை என்றால் வந்து உட்கார்."

நாற்காலி இழுபடும் சத்தம். அவள் என்னவோ சொல்கிறாள், மைக்கிலிருந்து தள்ளி, புரியவில்லை. அவர் எதுவும் சொல்லவில்லை. தட்டு தீரும்வரை அப்படியே ஓடுகிறது. கடைக்கு வந்த தட்டு இதற்குப் பிறகு எடுத்தது.

"மேடம், ஊம்கொட்டிக்கு இதையும் குடுத்தாங்களா?" என்று கேட்டேன். நான் வகுப்பில் கேள்வி கேட்பது அபூர்வம். கேட்டுவிட்டு, கேட்டிருக்க வேண்டாமோ என்று நினைத்தேன்.

"கடைக்கு வந்தத மட்டும்தான் குடுத்தாங்க. கெட்டுப்போனத எதுக்கு?"

"அப்ப அதுக்கு நிறுத்தத் தெரியாதா?"

"ரோஸ்லின், நீங்க பேசுறப்ப நடுவுல நிறுத்துற ஒன்ன காசு குடுத்து வாங்குவீங்களா?"

வாங்க மாட்டேன் என்றுதான் தோன்றியது.

வீட்டுப்பாடம்: ஊம்கொட்டியை அணைத்துவிட்டு யாராவது ஒருவரோடு பேச வேண்டும். எந்த இடத்தில் தானாக ஊம் சொல்லத் தோன்றுகிறது என்று குறித்துக்கொண்டு வர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அக்கா தூத்துக்குடியிலிருந்து கூப்பிடுவாள். அவளிடம் செய்துவிடலாம். அவள்தான் கோபித்துக்கொள்ள மாட்டாள்.


மார்ச் 10, ஞாயிறு

நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

அக்கா மாலை கூப்பிட்டாள். மரியபுஷ்பம் என்பது முழுப்பெயர். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவள். கடல்நீர் ஆலையில் பம்புகளைப் பார்த்துக்கொள்கிறாள். அப்பா அம்மாவுக்குப் பிறகு ஆலை கொடுத்த வீட்டில் நாங்கள் இருவர்தான் இருந்தோம். நான் இங்கே வந்து நான்கு ஆண்டுகளாக அவள் ஒருத்திதான். நான் ஊம்கொட்டியை அணைத்துவிட்டேன். அணைத்தால் அங்கே அவள் பக்கத்தில் இருக்கும் என் ஊமும் நின்றுவிடும்.

"சாப்பிட்டியாட்டி?" என்று ஆரம்பித்தாள். பிறகு ஆலையில் புதிதாக வந்த மேஸ்திரி, மூன்றாவது பம்பில் ஏறிய உப்பு என்று போனது. நான் கவனமாகக் கேட்டேன். சரியான இடம் என்று தோன்றியபோது "ஊம்" என்றேன்.

அவள் நிறுத்திவிட்டாள். "என்ன?"

"ஒண்ணுமில்லக்கா. ஊம்ன்னேன்."

"எதுக்கு?"

"கேக்கேன்னு சொல்லதுக்கு."

"நான் அதத் தாண்டி வந்துட்டேனே. லைன்ல கோளாறா? கெணத்துக்குள்ள பேசுத மாரி இருக்கு. ஒனக்கு ஒடம்புக்கு முடியலியா?"

"இல்லக்கா. நல்லாக் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

"கேக்குத மாரியே இல்லியே."

அடுத்த ஊமும் அவள் வார்த்தையின் மேல் போய் விழுந்தது. அதற்கடுத்ததைச் சொல்லாமல் விழுங்கினேன். அவள் "இருக்கியா?" என்று கேட்டாள். நான் முழுக் கவனத்தோடு கேட்ட முதல் பேச்சு இதுதான் என்று நினைக்கிறேன். இவ்வளவு மோசமாக நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை.

"செரி விடு" என்றாள். "வெள்ளிக்கெழம காலையில குலசேகரப்பட்டினத்துல எங்கள ராக்கெட்டுல ஏத்துதாவ. புதன்கெழமையே உள்ள கொண்டு அடைச்சிருவாவ, சளி கிளி இருக்கான்னு பாக்க. அதுக்குப் பொறவு போன் கெடையாது. அதான் செவ்வாக்கெழம ஒரு தடவ கூப்பிடுதேன்."

"எங்க போறக்கா?"

இரண்டரை விநாடியைவிட அதிக நேரம் ஆனது.

"என்னட்டி வெளையாடுத. டைட்டனுக்குத்தான். சொன்னேம்லா. அங்க பம்பு பாக்க ஆள் எடுக்காவ, பேரு குடுத்திருக்கேன், போவட்டுமான்னு கேட்டேன். நீ ஊம்ன."

டைட்டன் என்பது சனிக்கோளின் நிலா. போய்ச் சேர ஒன்பது ஆண்டு. திரும்பி வரும் கப்பல் கிடையாது. அங்கே போன பிறகு ஒரு வார்த்தை போய்ச் சேரவே ஒன்றேகால் மணி நேரம். அங்கிருப்பவர்களோடு யாரும் பேசிக்கொள்ள முடியாது, செய்தி அனுப்பிக்கொள்ளலாம்.

நான் கேட்கவில்லை என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். "ஆமா... வெள்ளிக்கெழமையேன்னு நெனக்கல" என்றேன். என் வாயால் சொன்னேன். ஊம்கொட்டி அணைந்துதான் இருந்தது.

வைத்த பிறகு யோசித்துப் பார்த்தேன். அது எந்த ஞாயிறு என்று தெரிந்துவிட்டது. வகுப்பில் முதல் வீட்டுப்பாடம் கொடுத்த வாரம். அக்கா ஒரு காதில் பேசிக்கொண்டிருந்தாள். மறு காதில் நான் பெல்வினைப் போட்டுக்கொண்டு, பாடகி சொல்வதை அவர் எவ்வளவு கவனமாகக் கேட்கிறார் என்று குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். அன்றைய குறிப்புக்கு நஸீமா மேடம் நன்று என்று போட்டிருந்தார்.


மார்ச் 11, திங்கள்

வகுப்பு முடிந்ததும் நஸீமா மேடத்திடம் விஷயத்தைச் சொன்னேன். பொதுவாகக் கேட்பதுபோல், யாருக்கோ நடந்ததுபோல் சொல்லத்தான் நினைத்தேன். இரண்டாவது வாக்கியத்தில் அழுதுவிட்டேன். அவருடைய தொண்டை "ஊஊம்" என்றது. அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஊம்ங்கிறது சம்மதம் இல்ல, கேட்டுக்கிட்டிருக்கேன்ங்கிற அடையாளம் மட்டும்தான்னு நாங்க விளக்கக் குறிப்பிலேயே போட்டிருக்கோம்" என்றார். பிறகு என்ன நினைத்தாரோ, "எங்கம்மாவும் என்கிட்ட கேட்டிருப்பாங்க, என்னென்னவோ" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போனார்.

வெளியே திரவியம் நின்றிருந்தான்.

"நாளைக்குக் கூப்பிடுவால்லா? நேரா சொல்லிரு. நான் கேக்கல, மிஷின்தான் கேட்டுச்சு, நீ போவாண்டாம்ன்னு. ஏசுவா, ஏசட்டும். ஏசினா நிப்பா."

"நிக்கலேன்னா?"

"நிக்கலேன்னா, சொன்னோம்ன்னாவது இருக்கும்."

அவன் சொன்னதில் தப்பு எதுவும் எனக்குத் தெரியவில்லை. அப்படியே செய்வது என்று முடிவு செய்தேன். சொல்ல வேண்டியதை மனதுக்குள் பல தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன். அவள் பேச்சின் மேல் விழாமல் இருக்க, சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும். அவள் முடிக்கும்வரை ஊம் கூடாது.


மார்ச் 12, செவ்வாய்

அக்கா கூப்பிட்டாள். வீட்டைக் காலி செய்துவிட்டாளாம், சாவியை நாளை ஆலையில் கொடுத்துவிடுவாளாம். வெறும் வீட்டில் குரல் எதிரொலித்தது. நான் அணைத்துவிட்டுத்தான் பேசினேன்.

"அக்கா, அன்னைக்கு நீ கேட்டப்ப நான் கேக்கல. வேற வேலையா இருந்தேன். ஊம்ன்னது நான் இல்ல. நீ போவாதக்கா."

சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். அவள் அழுவாள், அல்லது ஏசுவாள் என்று நினைத்தேன். வந்தது சிரிப்பு.

"இப்ப பேசுதது நீதான். தெரியுது."

"அக்கா."

"அன்னைக்கு நீ இல்லன்னு எனக்குத் தெரியும்ட்டி. நீ நெசமாக் கேட்டா ஊமுக்குப் பொறவு ஏதாவது ஒரு கேள்வி வரும், பிந்தியாவது வரும். அவ ஏன் அப்பிடிச் சொன்னா, நீ ஏன் சும்மா இருந்தன்னு. சின்னப்பிள்ளையிலயே அப்பிடித்தான், ஒரு கதைய முடிக்க விடமாட்ட. அன்னைக்கு ஒரு கேள்வி வரல. ஊம் மட்டும் அந்தந்த எடத்துல வந்துக்கிட்டே இருந்துச்சு. அப்பதான் கேட்டேன்."

"தெரிஞ்சுமா கேட்ட?"

"நீ இருக்கும்போது கேட்டா வேண்டாம்ன்னுல்லா சொல்லுவ. நாலு வாரமாப் பாத்துக்கிட்டு இருந்தேன், எப்படா நீ இல்லாம இருப்பன்னு."

நான் சொல்ல வைத்திருந்த எதுவும் இதற்குப் பொருந்தவில்லை. "மிஷின்கிட்ட கேட்டு என்னக்கா பிரயோசனம்" என்றேன்.

"ஒன் கொரல்லா. ஒன் கொரல்ல ஒரு ஊம் வேணும்ன்னு இருந்துச்சு. கெடச்சிட்டு." கொஞ்சம் நிறுத்தினாள். அந்த இடத்தில் நான் எதுவும் சொல்லவில்லை. அவளே தொடர்ந்தாள். "நீ நெலாவுக்குப் போறேன்னு சொன்ன அன்னைக்கு நான் என்ன சொன்னேன், ஞாவகம் இருக்கா?"

"ஊம்ன்ன."

"மனசோடயா சொன்னேன்? சட்டியில மீன் கெடந்து கரியுது. வாயத் தொறந்தா அழுதுருவேன்னு ஊம்ன்னேன். நீ அதக் கேட்டுட்டுச் சந்தோசமாப் பெட்டியக் கட்டிட்ட. அப்ப என் தொண்டையில ஒரு மிஷினும் கெடையாது பாத்துக்கோ."

எனக்கு அந்த மாலை நினைவிருக்கிறது. அக்கா அடுப்பைப் பார்த்து நின்றாள். நான் அவள் முதுகிடம்தான் சொன்னேன். ஊம் கேட்டது, எனக்கு வேண்டியிருந்ததும் அதுதான். திரும்பிப் பார் என்று சொல்லவில்லை. பெல்வினாக இருந்தால் அந்த இடத்தில் பியானோவிலிருந்து கையை எடுத்திருப்பார்.

"இப்ப திரும்பி வந்துருதேன்க்கா. நீ நில்லு" என்றேன்.

"நீ வந்து சேர ஒரு மாசம் ஆவும். நான் வெள்ளிக்கெழம போறேன்." கோபமில்லாமல்தான் சொன்னாள். "ஒண்ணு மட்டும் செய்யி. கப்பல்ல ஆளுக்கு ஒரு ஊம்கொட்டி குடுக்காவ. போற வழியில அதுகிட்டப் பேசிக்கிட்டே போறதுக்கு. அங்க போன பொறவும் அதுதான். யாரு கொரல்ல வேணும்ன்னு கேட்டாவ. ஒம்பேரக் குடுத்திருக்கேன். நாளைக்குள்ள ஒங்க ஊர்ப் பதிவறையில நீ ஊம் சொல்லிக் குடுத்தா இங்க அனுப்பிருவாவளாம். ஏற்கெனவே இருக்கது போனுக்கு மட்டும்தானாம், அது கப்பலுக்கு ஆவாதாம்."

எனக்கு ஒன்று தோன்றியது. அவசரமாகச் சொன்னேன். நான் படிப்பது இதைத்தான் என்றேன். ஒதுக்கப்பட்ட தட்டைப் பற்றிச் சொன்னேன். பாடகியின் குரல் சரியில்லாதபோது பியானோக்காரர் வாசிக்காமல் நிறுத்தி என்ன ஆச்சு என்று கேட்டார் என்றேன். நஸீமா மேடத்தைக் கெஞ்சி அந்த மாதிரி ஒன்றையும் இதில் சேர்க்கச் சொல்கிறேன், நீ எப்போதாவது ஒரு மாதிரி பேசினால் அது ஊம் கொட்டாது, நிறுத்திக் கேட்கும், என் குரலில் கேட்கும் என்றேன்.

முழுவதையும் அவள் குறுக்கிடாமல் கேட்டாள். அல்லது அவளுடைய ஊம்கொட்டி கேட்டது. இடையிடையே அழகாக ஊம் வந்துகொண்டிருந்தது. எந்த ஊம் எதனுடையது என்று எனக்கு இன்னும் பிரித்துக் கேட்கத் தெரியவில்லை.

பிறகு அவள் சொன்னாள்: "அது வேண்டாம்ட்டி. ஒம்பது வருசம் போவணும். நடுவுல நிறுத்தி என்ன ஆச்சுன்னு கேட்டா நான் என்னத்தச் சொல்ல? சும்மா ஊம்ன்னு சொன்னாப் போதும்."

நான் ஊம் என்றேன். அவள் சொல்லி இரண்டரை விநாடி கழித்து அது போய்ச் சேர்ந்திருக்கும். அவள் அதற்குள் வைத்துவிட்டாளா என்று தெரியவில்லை.

நாளை: காலை வடிகட்டி வேலையைத் திரவியத்திடம் மாற்றிக்கொள்ள வேண்டும். தொண்டை கரகரக்காமல் இருக்க வெந்நீர் குடிக்க வேண்டும். பதிவறைக்குப் போய் ஊம் சொல்லிக் கொடுக்க வேண்டும். சந்தோஷமாக ஒன்று, வருத்தமாக ஒன்று, ஆச்சரியமாக ஒன்று, தூக்கம் வரும்போது சொல்வதுபோல் ஒன்று. கேள்வி கேட்பதுபோல் எதுவும் வேண்டாம்.